டெல்ராய், ஃப்ரிட்ஜைக் கழுவு

இணையப் பக்கத்தில் ஒரு காலிப் பெட்டியைப் பார்த்தால் சாதாரண மனிதர்கள் அதில் தங்கள் பெயரை எழுதுவார்கள். இணையப் பக்கம் கட்டுகிற எங்கள் ஆட்கள் முதலில் ஒரு வளைந்த மூக்கைப் போட்டுப் பார்ப்பார்கள். தர்பூசணியைத் தட்டிப் பார்க்காமல் யாராவது வாங்குவார்களா? அது மாதிரிதான்.

வளைந்த மூக்கு என்று நான் சொல்வது, பள்ளிக்கூடக் கணக்கில் இது பெரியது, அது சின்னது என்று காட்டப் போடுவோமே, அந்தக் குறி. பிரவுசர் ஒரு அப்பாவி. எழுத்து வந்துகொண்டிருக்கும்வரை அது பாட்டுக்குத் திரையில் போட்டுக்கொண்டே போகும். அந்த மூக்கைப் பார்த்துவிட்டால் போதும், விறைப்பாக எழுந்து நின்றுவிடும். இனி வருவது எழுத்து இல்லை, உத்தரவு! உத்தரவு போட்டது பக்கத்தைக் கட்டியவரா, பெட்டியில் எதையோ கிறுக்கிவிட்டுப் போன எவனோ ஒருவனா என்று கேட்கிற வழக்கமே அதற்குக் கிடையாது. அதனால் ஊரார் எழுதுவதைத் திரையில் காட்டுவதற்கு முன்பு, நாங்கள் அந்த மூக்கை எடுத்துவிட்டு அதன் இடத்தில் வேறு நாலு எழுத்து வைப்போம். படிப்பவர் கண்ணுக்கு மூக்கு மூக்காகவே தெரியும். பிரவுசர் மட்டும் எழுந்து நிற்காது. இதை எஸ்கேப் செய்வது என்போம். பதினெட்டு வருஷமாக எனக்குச் சோறு போடுகிற வேலை இது. இதில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று மே மாதம் வரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என் பெயர் ஐனோ. கனடாவில், சுப்பீரியர் ஏரியின் வடகரையில், சில்வர் ரீச் என்கிற ஊரில், துணி துவைக்கும் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். மொத்தம் நாலு பேர். எனக்கு எதிர்மேஜை டெல்ராய். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. ஒன்பது வருஷமாக எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் பிழையை ஒருவர் தேடுவதால் எங்களுக்குள் கல்யாணம் ஆனவர்களுக்கு இருக்கிற அளவு சண்டை உண்டு.

எங்களுக்குள் ஒரு பந்தயமும் உண்டு. அவர் கட்டிய பக்கத்தின் ஏதாவது ஒரு பெட்டியில் நான் வம்பாக ஒன்றை எழுதி, அது உத்தரவாக ஓடித் திரையில் ஒரு செய்தி துள்ளி விழுந்தால், எனக்கு வெற்றி. விழாமல் நான் எழுதியது வெறும் எழுத்தாக அடங்கி உட்கார்ந்துவிட்டால் அவருக்கு வெற்றி. தோற்றவர் அலுவலக ஃப்ரிட்ஜைக் கழுவவேண்டும். அந்த ஃப்ரிட்ஜுக்குள் இருக்கிற மீன் டப்பாக்களின் வயதைப் பார்த்தவர்களுக்குத்தான் இது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று தெரியும்.

பிப்ரவரியில் எங்கள் ஊர் நகராட்சிக்கு நாய் உரிமப் பக்கத்தைக் கட்டிக் கொடுத்தோம். நாய் வளர்ப்பவர்கள் உள்ளே போய்ப் பதிவு செய்கிற பகுதி டெல்ராயுடையது. விலங்குக் காப்பகத்து ஊழியர்கள் மட்டும் பார்க்கிற பகுதி என்னுடையது. தொலைந்த நாய் அங்கே வந்து சேர்ந்தால், கழுத்துப்பட்டையில் இருக்கும் எண்ணைத் தட்டவேண்டும். நாயின் விவரம், சொந்தக்காரரின் முகவரி, அகப்பட்ட இடத்துக்கு ஒரு வரைபடம் எல்லாம் வரும். அங்கிருந்தே ஒரு பொத்தானை அழுத்தினால் "கண்டெடுக்கப்பட்ட நாய்கள்" என்கிற பொதுப் பக்கத்தில் நாயின் படம் வந்துவிடும். இனிமேல் காகிதம் வேண்டாம், தகவல் பலகை வேண்டாம், தொலைபேசியில் கத்த வேண்டாம் என்று நகராட்சிக் கூட்டத்தில் நான்தான் நெஞ்சை நிமிர்த்திப் பேசினேன்.

பக்கம் திறந்த அன்று முதல் ஆளாக நான் என் நாயைப் பதிவு செய்தேன். உரிம எண் ஒன்று. பெயர் ஹில்லா. வெள்ளை, இடது காது மட்டும் பழுப்பு. எல்லாப் பெட்டியையும் ஒழுங்காக நிரப்பினேன். கடைசிப் பெட்டியில் "உங்கள் நாயைக் கண்டெடுப்பவருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டிருந்தது.

சொல்ல வேண்டியது இருந்தது. ஹில்லாவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. கையைக் காட்டினால் உட்காருவாள், கையை விரித்தால் ஓடி வருவாள். பின்பக்கமாக வந்து தொட்டால் பதறிப்போய்க் கவ்விவிடுவாள். இதையெல்லாம் எழுதியிருக்கவேண்டும். நான் எழுதினேனா? டெல்ராயின் பக்கம், டெல்ராயின் பெட்டி, எதிரில் டெல்ராய் சாண்ட்விச் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறார். கை சும்மா இருக்குமா? ஸ்கிரிப்டை, அதாவது பிரவுசருக்கான உத்தரவுக் கட்டை, முடிக்கிற குறி ஒன்று, புது ஸ்கிரிப்டைத் தொடங்குகிற குறி ஒன்று, அதற்குள்ளே ஒரு செய்தி: "டெல்ராய், ஃப்ரிட்ஜைக் கழுவு." எழுதிப் பொத்தானை அழுத்தினேன்.

ஒன்றும் துள்ளி விழவில்லை. நான் எழுதியது அத்தனையும் திரையில் சாதுவாக, எழுத்தாக உட்கார்ந்திருந்தது. டெல்ராய் எழுந்து வந்து என் தோளுக்கு மேலாகப் பார்த்தார்.

"கையுறை சிங்க்குக்கு அடியில இருக்கு தாயே," என்றார்.

ஃப்ரிட்ஜைக் கழுவினேன். அந்தக் குறிப்பை மாற்ற நினைத்தபோது மாற்ற முடியவில்லை. உரிமம் கொடுத்தபின் அடுத்த ஜனவரி வரை யாரும் ஒரு எழுத்தைக்கூடத் தொடக்கூடாது என்று நகராட்சி கேட்டிருந்தது, நான்தான் பூட்டுப் போட்டிருந்தேன். கிடக்கட்டும், ஹில்லா எங்கே தொலையப் போகிறாள் என்று விட்டுவிட்டேன்.

மே மாதத்து விக்டோரியா நாள் விடுமுறைத் திங்கட்கிழமை அவள் தொலைந்தாள். காட்டுக்குள் இருக்கிற என் கேம்ப்பில் படகை இறக்கிக்கொண்டிருந்தேன்; விடுமுறைக் குடிசையை எங்கள் பக்கம் கேம்ப் என்போம். வேலிக்கதவைச் சாத்த மறந்தேன். ஒரு முயலின் வால் தெரிந்தது, அவ்வளவுதான். வேறு நாயாக இருந்தால் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். நான் கையை விரித்துக்கொண்டு பைன் மரங்களுக்கு நடுவே ஓடினேன். பக்கத்துக் கேம்ப்காரர் நான் கரடியைக் கண்டு ஓடுகிறேன் என்று நினைத்துத் துப்பாக்கியோடு வந்துவிட்டார். பொழுது சாயும்வரை தேடினோம். கிடைக்கவில்லை.

செவ்வாய், புதன், வியாழன். மூன்று நாள் நான் செய்ததைச் சொன்னால் மற்றவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள், எங்கள் ஆட்கள் மட்டும் தலையாட்டுவார்கள். நான் காப்பகத்துக்குப் போன் செய்யவில்லை. "கண்டெடுக்கப்பட்ட நாய்கள்" பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் புதுப்பித்துக்கொண்டே இருந்தேன்.

"ஒரு போன் போட்டுப் பாரேன்," என்று டெல்ராய் புதன்கிழமையே சொன்னார்.

"எதுக்கு? அவ அங்க இருந்தா பக்கத்துல வந்திருப்பா."

"ஒருவேளை அவங்க போட மறந்திருந்தா?"

"மறக்க முடியாது. எண்ணைத் தட்டினா பொத்தான் கண்ணு முன்னாடி வந்து நிக்கும். நான் கட்டின பக்கம் அது."

"நீ கட்டின பக்கம்னுதான் போன் போடச் சொல்றேன்."

நான் அவர்மேல் ஒரு பேனாவை எறிந்தேன். அந்த இணையப் பக்கத்தில் ஒரு கறுப்பு லாப்ரடாரும் ஒரு கிழட்டுப் பக் நாயும் வந்தன. ஹில்லா வரவில்லை. காட்டில் ஓநாய் உண்டு, நெடுஞ்சாலையில் மரலாரி உண்டு, லாரி வருகிற சத்தம் அவளுக்குக் கேட்காது. இந்த மூன்றையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு அலுவலகப் போன் அடித்தது. மற்ற இரண்டு பேரும் மீன் பிடிக்கப் போயிருந்தார்கள். வாய் நிறைய ரொட்டியோடு இருந்த டெல்ராய் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"விலங்குக் காப்பகத்துலேருந்து ஒடெட் பேசறேன்," என்றது ஒரு பெண் குரல். "உங்க கம்ப்யூட்டரால ஒரு தொந்தரவு. அந்த டெல்ராய் எப்பத்தான் வேலைக்கு வரப்போறார்?"

டெல்ராய் மெல்லுவதை நிறுத்தினார். "எந்த டெல்ராய்ங்க?"

"அதைத்தானே நானும் கேக்கறேன்? செவ்வாக்கிழமைலேருந்து திரையில வந்து விழுது. 'டெல்ராய், ஃப்ரிட்ஜைக் கழுவு'ன்னு. நகராட்சில யாரோ புது ஆளைப் போட்டிருக்காங்க போலன்னு நெனச்சோம். ஆளைக் காணோம், உத்தரவு மட்டும் வந்துக்கிட்டே இருக்கு. மேலே யாரோ கோவமா இருக்காங்க, நமக்கு எதுக்கு வம்புன்னு நாங்களே கழுவிட்டோம்."

"ஃப்ரிட்ஜையா?"

"மூணு தடவை, தம்பி. தடுப்பூசி மருந்தையெல்லாம் வெளிய எடுத்து ஐஸ் பெட்டியில வெச்சு, மூணு தடவை. அப்பவும் போகமாட்டேங்குது. இதுக்குமேல பளபளப்பா கழுவ எங்களால ஆகாது. அந்த டெல்ராயைப் பாத்தா சொல்லுங்க, இங்க வயசானவங்க முழங்கால் வலியோட தேய்ச்சிட்டிருக்கோம்னு."

டெல்ராயின் முகம் பீட்ரூட் மாதிரி ஆகியிருந்தது. தோள் குலுங்கியது. "மேடம்," என்றார், மிகுந்த பணிவோடு, "நான்தான் டெல்ராய்."

மறுமுனையில் ஏதோ ஒரு நாய் குரைத்தது.

"ஓ. அப்ப எப்ப வர்றீங்க?"

அதோடு அவர் மேஜையில் கவிழ்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாசகம் உலகத்தில் ஒரே ஒரு பதிவில்தான் இருக்கிறது. நான் பாய்ந்து போனைப் பிடுங்கினேன்.

"எந்த எண்ணைத் தட்டினா அது வருதுங்க?"

"ஒண்ணு. பட்டையில ஒண்ணுன்னுதான் போட்டிருக்கு. தட்டினா டெல்ராய் வர்றார், அப்புறம் திரை வெள்ளையாப் போயிடுது."

"நாய் வெள்ளையா? இடது காது பழுப்பா?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது என் நாய்ங்க! உயிரோட இருக்காளா? அடி எதுவும் படலையே?"

"அடி அதுக்குப் படலை. எங்களுக்குத்தான் பட்டிருக்கு. நெடுஞ்சாலை ஓரமா அகப்பட்டுது. நல்ல முரட்டு நாய். ஒரு பேச்சுக் கேக்காது, கிட்டப் போனா கடிக்குது."

"அவளுக்குக் காது கேக்காதுங்க!"

"எல்லாச் சொந்தக்காரங்களும் அப்படித்தான் சொல்றாங்க," என்றார் ஒடெட். "இது உங்க நாய்னு எனக்கு எப்படித் தெரியும்? போன மாசம் ஒருத்தர் போட்டோவைக் காட்டி ஊரான் வீட்டு நாயை ஓட்டிட்டுப் போயிட்டார். அதுலேருந்து திரையில பேர் வந்தாத்தான் குடுக்கணும்னு உத்தரவு. காகிதம் ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

காகிதமே வேண்டாம் என்று நெஞ்சை நிமிர்த்தியவளே நான்தான்.

"மூணு நாள்தான் வெச்சிருக்கலாம்," என்று அவர் தொடர்ந்தார். "முரட்டு நாயைப் பழக்கற ஆளுங்க டொராண்டோ பக்கம் இருக்காங்க. அங்க அனுப்பறோம். வண்டி வந்து நிக்குது, நாலரைக்குக் கிளம்பிடும். அதுக்குள்ள திரையை வேலை செய்ய வெச்சீங்கன்னா பாக்கலாம்."

மணி மூன்று பத்து. காப்பகம் இருபது நிமிஷத் தூரம். டொராண்டோ பதினைந்து மணி நேரம். அங்கே போய்ச் சேர்ந்தால் எந்தக் கூண்டு, எந்தக் கட்டடம், கடிக்கிற நாய் என்று எழுதி அனுப்பியதை என்ன செய்வார்கள் என்று எதுவும் தெரியாது.

"உன் குறிப்பை அழிச்சிட்டா முடிஞ்சது," என்றார் டெல்ராய். சிரிப்பெல்லாம் போய்விட்டிருந்தது.

"ஜனவரி வரைக்கும் பூட்டு."

"டேட்டாவுல நேரா கை வெச்சா?"

அவருக்கே தெரியும், முடியாது. பக்கங்களை ஓட்டுகிற புரோகிராம் எங்களுடையது, அதை நாங்கள் மாற்றலாம். ஊரார் எழுதிவைத்தது ஊருடையது. நகராட்சிச் செயலாளர் கையெழுத்து இல்லாமல் அதில் ஒரு புள்ளியைக்கூடத் தொடமாட்டோம் என்று ஒப்பந்தம். செயலாளர் ஏரி நடுவில் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார்.

ஆக, என் பக்கத்தைத்தான் சரி செய்யவேண்டும். புரோகிராமைத் திறந்தேன். பார்த்த உடனே புரிந்தது. டெல்ராய் தன் பக்கத்தில் ஊரார் எழுத்தை வெறும் எழுத்தாகக் காட்டியிருந்தார். நானோ வரைபடம் வேண்டும் என்பதற்காக நாயின் விவரம் மொத்தத்தையும் ஒரு ஸ்கிரிப்டுக்குள்ளேயே, மேற்கோள் குறிகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்திருந்தேன். மேற்கோளுக்குள் இருக்கிறதே, யார் என்ன செய்துவிட முடியும் என்கிற திமிர். பிரவுசருக்கு மேற்கோள் தெரியாது. ஸ்கிரிப்டுக்குள் என்ன கதை ஓடுகிறது என்று அது படிப்பதே இல்லை. ஸ்கிரிப்ட் முடிகிற குறி எங்கே வருகிறது என்று மட்டும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். என் குறிப்பில் அந்தக் குறிதான் முதலில் இருந்தது. பிரவுசர் அங்கேயே கடையைக் கட்டிவிட்டு, அடுத்து நான் எழுதிய புது ஸ்கிரிப்டை ஓட்டியது. என் பக்கத்தை நான் சோதித்ததெல்லாம் நானே கற்பனை செய்த நல்ல பிள்ளை நாய்களை வைத்துத்தான்.

"எஸ்கேப் பண்ணலையா நீ?" என்றார் டெல்ராய், என் தோளுக்கு மேலாக.

"வாயை மூடு."

"பதினெட்டு வருஷம்..."

"டேய், வாயை மூடுடா!"

அவசரத்தில் டெல்ராய் தன் பக்கத்தில் போட்டிருந்த எஸ்கேப்பையே எடுத்து என் வரியில் போட்டேன். யார் மாற்றினாலும் இன்னொருவர் படித்துப் பார்த்த பிறகுதான் வெளியே விடுவது எங்கள் வழக்கம். டெல்ராய், "இரு, நான் ஒரு தடவை பாக்கறேன்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் அனுப்பிவிட்டேன். பத்து நிமிஷத்தில் அது காப்பகத்தின் திரைக்குப் போய்ச் சேர்ந்தது. போன் செய்தேன்.

"இப்பப் பாருங்க, ஒடெட்."

தட்டுகிற சத்தம் கேட்டது. "டெல்ராய் போயிட்டார்," என்றார்.

"அப்பாடா."

"உங்க நாயும் போயிடுச்சு."

"என்ன?"

"வெள்ளையா இருக்கு. இருங்க, எண் இருபத்தி ரெண்டைப் போடறேன்... அதுவும் வெள்ளை. நாப்பது... வெள்ளை. அம்மா, இப்ப ஊர்ல இருக்கற எல்லா நாயும் தொலைஞ்சு போச்சு!"

நெற்றியை மேஜையில் வைத்துக்கொண்டேன். எழுத்துக்குப் போடுகிற வேஷத்தை ஸ்கிரிப்டுக்குப் போட்டால் ஸ்கிரிப்ட் எப்படி நடக்கும்? மேற்கோள் குறிகளையெல்லாம்கூட அது வேறு எழுத்தாக மாற்றிவிட்டது. ஸ்கிரிப்டுக்கு ஒன்றுமே புரியாமல் படுத்துவிட்டது. எந்த இடத்தில் காட்டுகிறோமோ அந்த இடத்துக்குத் தகுந்தபடிதான் எஸ்கேப் செய்யவேண்டும் என்பது முதல் வாரத்துப் பாடம். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாதவர்கள் செய்தாலே நான் கத்துகிற பிழை.

டெல்ராய் ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "மூச்சை விடு," என்றார். "மேற்கோளை விட்டுடு. வளைஞ்ச மூக்கை மட்டும் மாத்து. ஸ்கிரிப்டுக்குப் புரியற எண்ணா மாத்து. வாசல்ல நிக்கறவனுக்கு மூக்கு தெரியாது, உள்ள இருக்கறவனுக்கு மூக்குன்னு புரியும்."

"தெரியும்."

"தெரியும்னு எனக்கும் தெரியும். எழுது."

எழுதினேன். அரை வரி. அவர் விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். அந்த அரை நிமிஷத்தில் அவரைக் கொல்லலாம் போல இருந்தது. "சரி, விடு," என்றார். விட்டேன். கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கும்போது மணி மூன்று ஐம்பத்தாறு. திரையில் வருகிறதா இல்லையா என்று பார்க்க நான் நிற்கவில்லை. என் வாழ்க்கையில் ஒரு பக்கத்தைப் புதுப்பித்துப் பார்க்காமல் போனது அன்றைக்குத்தான்.

காப்பகத்து வாசலில் வண்டி பின்கதவைத் திறந்தபடி நின்றது. உள்ளே நாலைந்து கூண்டுகள். ஓட்டுநர் ஒரு பட்டியலில் டிக் போட்டுக்கொண்டிருந்தார். நான் அவரைத் தள்ளாத குறையாக உள்ளே போனேன்.

ஒடெட் அறுபது வயதிருக்கும் குட்டையான பெண்மணி. மூக்குக்கண்ணாடி சங்கிலியில் தொங்கியது. வலது ஆள்காட்டி விரலில் பெரிய கட்டு. என்னைப் பார்த்ததும் திரையை என் பக்கம் திருப்பினார்.

எல்லாம் வந்திருந்தது. ஹில்லாவின் படம், என் பெயர், தொலைபேசி எண், வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. படத்துக்குக் கீழே "கண்டெடுப்பவருக்கு" என்று போட்டு, நான் பிப்ரவரியில் எழுதியதும் முழுசாக இருந்தது. ஒரு மூக்குக்கூடக் குறையவில்லை.

ஒடெட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கட்டுப்போட்ட விரலால் தொட்டுத் தொட்டு அதை உரக்கப் படித்தார். "வளைஞ்ச குறி. சாய்ஞ்ச கோடு. ஸ்கிரிப்ட். மறுபடி வளைஞ்ச குறி... டெல்ராய், ஃப்ரிட்ஜைக் கழுவு." நிமிர்ந்தார். "இதை யாரு எழுதினாங்க?"

"நான்தாங்க. ஒரு விளையாட்டுக்கு."

"இந்த இடத்துல மத்தவங்க என்ன எழுதறாங்க தெரியுமா உங்களுக்கு? இடி இடிச்சா பயப்படுவான், கட்டிலுக்கு அடியில விட்டுடுங்கன்னு எழுதறாங்க. பின்னங்கால் வலி, தூக்காதீங்கன்னு எழுதறாங்க. பாட்டுப் பாடினா தூங்கிடும்னு ஒருத்தர் எழுதியிருந்தார், நான் பாடியிருக்கேன் அந்த நாய்க்கு. காது கேக்காதுன்னு நீங்க ரெண்டு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா?"

எழுதியிருந்தால் திரை அன்றைக்கே வேலை செய்திருக்கும், செவ்வாய்க்கிழமை காலையில் போன் வந்திருக்கும், அந்த விரலில் கட்டு இருந்திருக்காது. பக்கத்தில் இப்போது எந்தப் பிழையும் இல்லை. நான் எழுதியதை அப்படியே காட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"வாங்க," என்றார் ஒடெட்.

கடைசிக் கூண்டு. கம்பியில் சிவப்பு அட்டை: "கடிக்கும். கீழ்ப்படியாது." ஹில்லா சுவரைப் பார்த்தபடி மூலையில் சுருண்டிருந்தாள். மற்ற நாய்கள் குரைத்த குரைப்பில் கட்டடமே அதிர்ந்தது, அவள் திரும்பவில்லை. நான் காலைத் தூக்கி மரத்தரையில் ஓங்கி இரண்டு தரம் மிதித்தேன். அதிர்ச்சி அவள் வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்திருக்கவேண்டும். தலை மெல்ல உயர்ந்து திரும்பியது. நான் கையை விரித்தேன்.

அதற்கப்புறம் என் சட்டை, கண்ணாடி, முடி எதுவும் ஒழுங்காக இல்லை. தரையில் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒடெட் பின்பக்கமாக வருவதற்குக் காலை எடுத்துவைத்தவர், நின்றார். சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குந்தினார். ஹில்லாவின் கண் தன்மேல் படும்வரை காத்திருந்துவிட்டுக் கையை நீட்டினார்.

"இப்படித்தானே?"

"இப்படித்தாங்க."

ஹில்லா அந்தக் கட்டை முகர்ந்து பார்த்தாள். பிறகு நக்கினாள். ஒடெட் அசையாமல் கையை அப்படியே வைத்திருந்தார்.

"மூணு நாளா இதைத் திட்டித் தீத்துட்டேன்," என்றார். "கெட்ட நாயி, சனியன், சொன்னா கேக்கமாட்டியான்னு. வாய்க்கு வந்ததெல்லாம்."

"பரவாயில்லைங்க," என்றேன். "அவளுக்கு ஒண்ணும் கேட்டிருக்காது."

"எனக்குக் கேட்டுச்சேம்மா," என்றார் ஒடெட்.

மூன்று நாளாக வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.